ஆன்ட்டி, ஓகே?

பெரியம்மா தலையை ஆட்டினார். அந்த ஆட்டலுக்கு என்ன பொருள் என்று தமிழனைக் கேட்டால் அரைமணி நேரம் சொல்வான். சரி, சரியில்லை, புரிந்தது, புரியவில்லை, நீ சொல்லி முடித்தால் நான் வீட்டுக்குப் போவேன்: எல்லாவற்றுக்கும் ஒரே ஆட்டல்தான். எதிரே இருந்த தாதி அதில் ஒரே ஒரு பொருளைக் கண்டுகொண்டார். கணினியில் ஒரு கட்டத்தைத் தட்டினார். நோயாளிக்கு விளக்கம் அளித்தாயிற்று.

சிங்கப்பூரில் எந்த மருத்துவமனை என்று சொல்ல மாட்டேன். பெரியம்மா இன்னும் அங்கேதான் போகவேண்டும்.

குடல் புற்றுநோய்க்கு ஆக்சாலிபிளாட்டின் என்று ஒரு மருந்து. நல்ல மருந்துதான். ஆனால் ஏற்றிய நாளிலிருந்து சில நாள்களுக்குக் குளிர்ச்சி ஆகாது. குளிர்ந்ததைத் தொட்டால் விரலில் முள் குத்தும். குளிர்ந்ததைக் குடித்தால் தொண்டை இறுகி, மூச்சு நின்றுவிட்டதுபோல் தோன்றும். சற்று நேரத்தில் அடங்கிவிடும். அது அடங்கும் என்று தெரிந்தவருக்குத்தான் அது பக்கவிளைவு. தெரியாதவருக்கு அது மரணம்.

தாதி இதையெல்லாம் ஒழுங்காகத்தான் சொன்னார், ஆங்கிலத்தில். கடல் தாண்டி வந்த பெண். அவருக்கும் அது தாய்மொழி இல்லை, பெரியம்மாவுக்கும் இல்லை. நடுவில் மொழிபெயர்ப்பாளராக எங்கள் அண்ணன், பெரியம்மாவின் மகன். பாதி மனம் விடுப்பிலும் பாதி மனம் பில்லிலும் இருந்தவர், இரண்டு நிமிட எச்சரிக்கையை ஒரே வரியாக்கினார்: “ஐஸ் தண்ணி குடிக்காதேங்கறாங்கம்மா.”

“ஆமா, சளி பிடிக்கும்” என்றார் பெரியம்மா. நாற்பது வருடமாக மகனுக்கு அவர் சொல்லி, மகன் ஒருநாளும் கேட்காத புத்திமதி அது. தேக்காவுக்குப் பின்னால் பஃபலோ ரோட்டில் வீவக வீடு. வெயிலில் நடந்து வந்து, ஃபிரிட்ஜைத் திறந்து, பாட்டிலோடு அண்ணாந்து குடித்தார். அடுத்த நிமிடம் சமையலறைத் தரையில் உட்கார்ந்து கழுத்தைப் பிடித்துக்கொண்டு, பேரனைப் பார்த்துக் கையசைத்து விடைபெற்றார்.

ரயிலுக்கும் மேடைக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பார்த்துக் கால் வைக்கும்படி எம்ஆர்டியில் தமிழில் சொல்கிறார்கள். நாலு விரல்கடை இடைவெளி அது. கீமோ அறைக்கும் சமையலறைக்கும் நடுவே உள்ள இடைவெளியில் எங்கள் பெரியம்மா முழுசாக விழுந்தார். அங்கே அறிவிப்பு எதுவும் ஒலிக்கவில்லை.

மருந்தின் அளவில் மட்டும் பிசகே கிடையாது. உயரத்தையும் எடையையும் வைத்து உடம்பின் பரப்பைச் சதுர மீட்டரில் கணக்கிட்டு, மில்லிகிராம் சுத்தமாக அளக்கிறார்கள். 2022 செப்டம்பர் முதல் புற்றுநோய் மருந்துகளுக்கென்று ஒரு பட்டியலும் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் மெடிஷீல்டு லைஃப் காப்புறுதி மாதம் எத்தனை வெள்ளிவரை தரும் என்று அதில் போட்டிருக்கும். புரியும்படி பேசுவதற்கு மாதம் எத்தனை வெள்ளி? மருந்தை விற்க ஒரு கம்பெனி இருக்கிறது. பேச்சை யார் விற்பார்?

2017இல் அமெரிக்காவில் ஈதன் பாஷ் என்ற மருத்துவரின் குழு ஓர் ஆய்வை வெளியிட்டது. நோய் பரவிய நிலையில் கீமோ எடுத்த 766 பேர். ஒரு சாராரிடம் வாந்தி, வலி, மூச்சிரைப்பு என்று கணினி வழியே விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நிலைமை மோசமானால் தாதிக்கு மின்னஞ்சல் போகும். புதிய மருந்து எதுவும் கொடுக்கவில்லை. அந்தச் சாராரின் இடைநிலை ஆயுள் 31.2 மாதம், வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களுக்கு 26. அந்த ஐந்து மாதத்தைக் குப்பியில் அடைக்க முடிந்திருந்தால் என்ன விலை சொல்லியிருப்பார்கள்! வெறும் கேள்வியாகப் போய்விட்டது, பாவம்.

தாதியரை நாம் மதிக்காமலும் இல்லை. 1885 ஆகஸ்ட் 1ஆம் தேதி பிரெஞ்சுக் கன்னியர் இங்கே பொது மருத்துவமனையில் பணியைத் தொடங்கியதை நினைத்து, ஆண்டுதோறும் அதே நாளில் தாதியர் தினம். கேக் உண்டு. 2024இல் அரசு ஒரு வெகுமதித் திட்டம் அறிவித்தது: தகுதியுள்ள தாதிக்கு 20 ஆண்டுகளில் 100,000 வெள்ளி வரை. திட்டத்தின் பெயரின் முதலெழுத்துகளைக் கூட்டினால் ‘ஏஞ்சல்’. பணம் கொடுத்தது நியாயம், அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் தேவதைக்குச் சிறகு கிடைத்தது. நோயாளி பக்கத்தில் கால்மணி நேரம் உட்கார நாற்காலி கிடைக்கவில்லை. பயிற்சி வகுப்பில், சொன்னதை நோயாளி வாயாலேயே திருப்பிச் சொல்ல வை என்று கற்றுக்கொடுக்கிறார்கள். வகுப்பில் நோயாளியாக நடிப்பவர் அழகாகத் திருப்பிச் சொல்வார். அவருக்குப் பயமில்லை, பில்லில்லை, மொழிபெயர்க்க மகனும் இல்லை.

நேரம் கொழிக்கிற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார்: வாட்ஸ்அப். விடியற்காலை நாலு மணிக்கும் சொல்லித்தருவார். பப்பாளி இலைச்சாறு, முள்சீத்தாப்பழம், சர்க்கரையை நிறுத்தினால் புற்று பட்டினியால் சாகும். என்ன தமிழ், என்ன கனிவு, “அன்பு உறவுகளே” என்று என்ன குழைவு! இந்த ஊரில் பொய்க்குத் தமிழ் சரளமாக வருகிறது. உண்மைதான் ஆங்கிலத்தில், மருத்துவமனைக் கையேட்டின் ஏழாம் பக்கத்தில், பொடியெழுத்தில் கிடக்கிறது.

அந்த ஏழாம் பக்கத்தில் இதுவும் இருந்தது: காய்ச்சல் 38 டிகிரியைத் தொட்டால் உடனே மருத்துவமனைக்கு. கீமோவில் வெள்ளணுக்கள் சரிந்திருக்கும். தொற்று வந்தால் ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏறவேண்டும். இரண்டாம் சுற்றில் பெரியம்மாவுக்கு உடம்பு கொதித்தது. அவர் எழுபது வருட அனுபவத்தோடு இரண்டு பனடோல் போட்டுக்கொண்டார். காய்ச்சல் பதுங்கியது, கிருமி பதுங்கவில்லை. இரவில் நடுங்குவதை அண்ணி பார்த்ததால் பிழைத்தார்.

நம்மையும் சொல்லவேண்டும். நோயின் பெயரை வீட்டில் யாரும் உச்சரிப்பதில்லை, “அந்த வியாதி”தான். தாதி என்ன சொன்னாலும் “எல்லாம் நல்லா இருக்குங்கறாங்கம்மா” என்று மொழிபெயர்ப்பதைப் பாசம் என்கிறோம்.

மூன்றாம் சுற்றிலிருந்தே விரல்கள் மரத்தன. தாதி ஒவ்வொரு முறையும் கேட்டார். பெரியம்மா “கொஞ்சம்” என்றார். அண்ணன் “லிட்டில் பிட்” என்றார். அந்தத் தலைமுறை தேர் ஏறி இறங்கினாலும் கொஞ்சம் என்றுதான் சொல்லும். உள்ளபடி சொல்லியிருந்தால் மருந்தின் அளவைக் குறைத்திருக்கலாம், நிறுத்தியும் இருக்கலாம். பெரியம்மா கேம்பல் லேன் பூக்கடையில் முப்பது வருடம் மல்லிகை கட்டியவர். பேச்சு ஒருபக்கம் போக, கை பாட்டுக்கு முடிச்சுப் போடும். போன வெள்ளிக்கிழமை சாமி படத்துக்கு ஒரு முழம் கட்ட உட்கார்ந்தார். நூல் விரலில் இருக்கிறதா, நழுவிவிட்டதா என்று கண்ணால் பார்த்துப் பார்த்துக் கட்டினார். அரை முழத்தோடு வைத்துவிட்டார்.

தாதிமேல் கோபமா என்று கேட்டேன்.

“அது தங்கமான பொண்ணுப்பா. கையப் புடிச்சுக்கிட்டு அவ்வளவு அழகாப் பேசுச்சு. என்ன சொல்லுச்சுன்னுதான் தெரியல.”