முட்டை மேல் நிற்க மாட்டோம்

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் சிலம்ப வகுப்பைத் தேடி ஒரு குடும்பம் வந்தது. அப்பா, அம்மா, ஏழு வயதுப் பையன். பையன் வந்ததும் வராததுமாக, சுவரில் சாய்த்திருந்த கம்பை எடுத்து அப்பாவின் முழங்காலில் ஒன்று போட்டான். நல்ல கை. வாத்தியாருக்கு முகமெல்லாம் சிரிப்பு. நான் நோட்டை விரித்துப் பேனாவைத் திறப்பதற்குள் அம்மா கேட்டார்: “சார், எத்தனை மாசத்துல உலக சாதனை பண்ண வைப்பீங்க?”

“முதல்ல காலடி பழகட்டும்மா” என்றார் வாத்தியார்.

“அதுக்கு எவ்வளவு நாளாகும்?”

“ஒரு ஆறு மாசம்.”

அவ்வளவுதான், வண்டியைத் திருப்பிவிட்டார்கள். பக்கத்துத் தெரு அகாடமியில் சேர்த்த கையோடு, நேற்று பையன் மெடலும் கழுத்துமாக வாட்ஸப் ஸ்டேட்டஸில் நிற்கிறான். எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

வகுப்புக்குப் புதுப் பிள்ளைகளைச் சேர்க்க என்னிடம் ஒரு நல்ல யோசனை இருக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் இந்த உலக சாதனையை ஒரு கை பார்த்துவிடுகிறேன்.

பானை மேல் நின்று சுற்றுவதெல்லாம் பழைய கதை. ஆணிப் பலகை மேல் நின்று சுற்றியாயிற்று. கண்ணைக் கட்டிக்கொண்டு சுற்றியாயிற்று. காலில் சக்கரத்தை மாட்டிக்கொண்டு, ஐஸ் கட்டி மேல் ஏறிக்கொண்டு, ஒற்றைக் காலில் தவம் செய்துகொண்டு எல்லாம் சுற்றியாயிற்று. இப்போது முட்டை. அட்டையோடு அடுக்கி வைத்த முட்டை மேல் பிள்ளையை ஏற்றிவிட்டுக் கம்பைக் கையில் கொடுக்கிறார்கள். கீழே முட்டை உடைகிறதா என்று ஒருவர் குனிந்து பார்க்கிறார். மேலே கம்பு சுற்றுகிறது. அவருடைய துணிச்சலுக்குத்தான் முதலில் மெடல் கொடுக்க வேண்டும்.

இதில் யாரும் யாருடைய சாதனையையும் முறியடிப்பதில்லை, கவனித்தீர்களா? இதற்கு முன் இந்த உலகத்தில் ஒருவருக்கும் அப்படியொரு எண்ணமே வந்ததில்லை, அதுதான் சாதனை. இருநூறு பேர் சேர்ந்து சுற்றினால் இருநூறு பேருமே உலக சாதனையாளர்கள். எங்கள் வார்டில் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். ஆனால் கம்பை எதிரில் நீட்டினால் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். தலைக்கு இவ்வளவு என்று பணம் கட்டினால் சான்றிதழ், டி-ஷர்ட், மெடல் மூன்றும் உண்டு. இத்தனைக்கும் மேலே ஒரு விழிப்புணர்வு வேறு: டெங்கு, பிளாஸ்டிக், நூறு சதவீத வாக்குப்பதிவு. ஹெல்மெட் விழிப்புணர்வுக்காகக் கொளுத்தும் வெயிலில் சுற்றிய பிள்ளையை, அப்பா ஹெல்மெட் இல்லாமல் பெட்ரோல் டாங்க் மேல் உட்காரவைத்து வீட்டுக்குக் கூட்டிப்போவதை நானே பார்த்தேன்.

1971இல் ‘ரிக்‌ஷாக்காரன்’ படத்தில் எம்.ஜி.ஆர். ரிக்‌ஷாவில் உட்கார்ந்தபடியே கம்பு சுற்றினார். பாவம், அவருக்குக் கிடைத்தது சிறந்த நடிகருக்கான தேசிய விருதுதான். இன்றைக்கு என்றால் “நகரும் மூன்று சக்கர வாகனத்தில் அமர்ந்து” என்று ஒரு சான்றிதழை லேமினேட் செய்து கையில் கொடுத்திருப்பார்கள்.

எங்கள் செயலாளர் சும்மா இருப்பாரா? டீக்கடையில் கூட்டம் போட்டு, “நாமளும் ஒண்ணு பண்ணிட்டா அட்மிஷன் பிச்சுக்கும்ணே” என்றார். நாமக்கல் முட்டை விலையைக்கூட விசாரித்து வைத்திருந்தார். ரேஷன் கடை வரிசையில் நின்றபடி, மின்கட்டணக் கவுண்டரில் சில்லறைக்குக் காத்திருந்தபடி, ஷேர் ஆட்டோவில் தொங்கியபடி என்று நானும் சில தலைப்புகள் கொடுத்தேன். மனிதர் அதையெல்லாம் குறித்துக்கொண்டார்! வாத்தியார்தான் டம்ளரை வைத்துவிட்டு, “முட்டைய அவிச்சுப் பிள்ளைகளுக்குக் குடுங்கப்பா” என்று எழுந்து போனார்.

அடுத்து ஃபிளெக்ஸ். ‘ஏழாம் அறிவு’ படம் வந்த 2011இலிருந்து எம்.ஜி.ஆருக்கும் புரூஸ் லீக்கும் நடுவில் போதிதர்மர் வந்து நிற்கிறார். சிலம்பத்தின் வயதும் போர்டுக்கு போர்டு ஏறுகிறது. மூவாயிரம் என்று ஒருவர் போட்டால் அடுத்தவர் ஐயாயிரம் போடுகிறார். அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டில் சிலம்பமும் உண்டு. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் காட்சிப் போட்டியாகவும் வைத்தார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் யு.கே.ஜி. பிள்ளையைக் கூட்டிவந்து, “எந்த டிபார்ட்மென்ட்ல சார் போடுவாங்க?” என்று கேட்டால் நான் என்ன சொல்ல?

எங்களிடம் காட்ட ஒன்றுமில்லை, அதுதான் சிக்கல். வாத்தியார் முதலில் கம்பைத் தொடவே விடமாட்டார். செருப்பைக் கழற்றச் சொல்லிவிட்டு, ஈர மண்ணில் முன்னும் பின்னும் நடக்கவிடுவார். அவர் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதில்லை. தரையில் பதிந்த தடத்தைப் பார்க்கிறார். குதிகால் ஆழமாகப் பதிந்திருந்தால் தன் கம்பு நுனியால் அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, “இங்க செத்துட்ட” என்பார். மறுபடி முதலிலிருந்து. உடம்பின் கனம் முன்பாதத்துக்கு வரும்வரை இதேதான். அதற்குப் பிறகுதான் புருவ உயரத்துக்கு அளந்து வெட்டிய கம்பு கைக்கு வரும். இதை யார் வீடியோ எடுப்பார்கள்? எடுத்தாலும் யார் லைக் போடுவார்கள்? ஒரு பையன் மண்ணில் எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறான் என்றுதான் நினைப்பார்கள்.

நல்ல யோசனை ஒன்று சொல்வதாகச் சொல்லியிருந்தேன். செயலாளர் மூன்றாவது முறையாக போன் அடிக்கிறார்; ஐஸ் கட்டி சகாய விலைக்குக் கிடைக்கிறதாம். போய்த் தடுக்க வேண்டும்.

வகுப்பு தினமும் காலை ஐந்தரைக்கு. கம்பு நாங்களே தருவோம். செருப்பையும் மெடல் ஆசையையும் வாசலிலேயே விடவும். பெற்றோரும் அங்கேயே நிற்கவும்.