இருப்பில் உள்ளது

நூறு வயதைத் தாண்டிய கல்லூரி அது. பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் மற்றக் கல்லூரிகளெல்லாம் ‘நல்லவேளை, நாம் இல்லை’ என்று நிம்மதியாகத் தூங்கிவிடும்.

நூலகத்தின் இரண்டாம் மாடியில், கழிப்பறைச் சுவரை ஒட்டி ஓர் அறை. கதவுக்கு மேலே ‘அரிய நூல்கள் மற்றும் சுவடிகள் பிரிவு’ என்று ஃபிளெக்ஸ் பலகை. அதில் செயலர் சிரிக்கிறார், முதல்வர் சிரிக்கிறார், மூலையில் ஒரு ஓலைச்சுவடி. அந்தச் சுவடி இந்தக் கல்லூரியுடையதே அல்ல. இணையத்திலிருந்து எடுத்த படம். உள்ளே இருப்பதைப் படமெடுக்க வேண்டுமென்றால் கதவைத் திறக்க வேண்டும் அல்லவா?

நான் போனது ஒரே ஒரு புத்தகத்துக்காக. 1890களில் அச்சான ஓர் இலக்கணப் பதிப்பு. பதிப்பு அப்படியொன்றும் அபூர்வமில்லை. ஆனால் அந்தப் பிரதியின் ஓரங்களில், அக்காலத்தில் அங்கே வேலை பார்த்த தமிழாசிரியர் ஒருவர் தாம் பார்த்த சுவடிகளின் பாடபேதங்களைப் பென்சிலால் குறித்து வைத்திருந்தார். அந்தச் சுவடிகள் இன்று இல்லை. பென்சில் எழுத்து மட்டும்தான் மிச்சம்.

விண்ணப்பம், நெறியாளர் கடிதம், ஆதார் நகல் இரண்டு, பாஸ்போர்ட் அளவுப் படம் ஒன்று, எல்லாம் கொடுத்தேன். நூலகர் அன்பானவர். டீ வாங்கிக் கொடுத்தார். “சாவி எச்.ஓ.டி.கிட்ட இருக்கு சார்.” எச்.ஓ.டி., “ஆபீஸ் சூப்பிரண்டுகிட்ட கேளுங்க” என்றார். சூப்பிரண்டு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “லைப்ரரியன்கிட்டதானே இருக்கணும்?” என்றார். மூன்று சுற்று வந்தேன். பிரகாரம் சுற்றிய புண்ணியம் கிடைத்தது. மூலவர் தரிசனம் கிடைக்கவில்லை.

இது சோம்பல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தப்பு. இது பயம். மத்திய அரசின் பொது நிதி விதிகள், 2017, விதி எண் 215 என்ன சொல்கிறது தெரியுமா? ஆண்டில் புழங்கும் 1,000 புத்தகங்களுக்கு 5 தொலைந்தால், மோசடியோ அலட்சியமோ இல்லாதவரை, அது நியாயமான இழப்பு. 1,000 ரூபாய்க்கு மேல் விலையுள்ள புத்தகம் தொலைந்தால் விசாரணை. அரிய நூல் தொலைந்தாலோ, விலை என்னவானாலும் விசாரணை. எழுதியவர் நல்ல எண்ணத்தோடுதான் எழுதியிருக்கிறார். இது மத்திய அரசு அலுவலகங்களுக்கான விதி; மாநிலத்துத் தணிக்கைக்காரர் வேறொரு தாளை நீட்டலாம். நடுக்கம் ஒன்றுதான். பிழைக்கத் தெரிந்த நம் ஆட்கள் இதிலிருந்து கற்ற பாடங்கள் இரண்டு. ஒன்று, எதையும் ‘அரியது’ என்று பதிவேட்டில் எழுதாதே. பலகையில் மட்டும் எழுது. இரண்டு, எவன் கையிலும் கொடுக்காதே, கொடுத்தால்தானே தொலையும்?

பதிவேட்டில் அந்த இலக்கண நூலின் விலை ரூ.1–4–0. ஒன்றேகால் ரூபாய். நூறு வருஷமாக யாரும் அதைத் திருத்தவில்லை. அந்த ஆசிரியரின் கண்பார்வைக்கு இந்தக் கல்லூரி வைத்திருக்கும் விலை அது.

எடுத்துப் படிக்கத்தான் கொடுக்கவில்லை, பத்திரமாகவாவது வைத்திருப்பார்கள் என்று நினைப்பீர்கள். வாருங்கள், பராமரிப்பைப் பார்ப்போம்.

ஆயுத பூஜையன்று சுவடிக் கட்டுகளுக்குச் சந்தனம், குங்குமம். ஈரச் சந்தனத்தை ஏட்டின் மேல் அப்பினால் என்ன ஆகும் என்று கேட்டேன். “தெய்வீகமா இருக்கும்” என்றார்கள். நம் பாட்டன்மார் ஏட்டுக்குப் பூசியது எண்ணெய். எழுத்து தெரிய விளக்குக்கரி தடவினார்கள். பூச்சிக்கு வசம்பு வைத்தார்கள். அவர்களும் கும்பிட்டார்கள்தான். முதலில் எண்ணெய் பூசினார்கள், அப்புறம் கும்பிட்டார்கள்.

கிழிந்த பக்கங்களுக்கு செல்லோடேப். ஒட்டியபோது கண்ணாடி போல இருந்தது. பிறகு பசை பழுத்து, கீழே உள்ள எழுத்தோடு சேர்ந்து தவிட்டு நிறமாகிவிட்டது. இன்னும் முக்கியமானவை என்று யாரோ முடிவு செய்த தாள்களுக்குச் சூடான லேமினேஷன், அடையாள அட்டைக்குப் போடுகிற அதே மெஷினில். உள்ளே போன காகிதத்தை இனி சேதமில்லாமல் வெளியே எடுக்க முடியாது. பைண்டிங்குக்குப் போனவை கட்டரின் வாயில் ஓரம் இழந்து திரும்பின. ‘ஃபினிஷிங் நல்லா இருக்கு’ என்று பில்லில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். ஓரத்தில்தான் எல்லாம் இருந்தது ஐயா! கிழவர் ஒருவர் விளக்கு வெளிச்சத்தில் குனிந்து குனிந்து எழுதியதெல்லாம் கட்டருக்குக் கீழே குப்பைக்கூடையில் கிடந்தது.

இதற்கெல்லாம் கோடிக்கணக்கில் பணம் வேண்டும் என்று ஒரு நொண்டிச்சாக்கு உண்டு. வேண்டியது இவ்வளவுதான்: சுத்தமாகக் கழுவித் துடைத்த கை, பேனாவுக்குப் பதில் பென்சில், புத்தகத்தை மல்லாத்தி முதுகை முறிக்காமல் தாங்க இருபுறமும் இரண்டு மெத்தைத் துண்டு, அமிலமில்லாத அட்டைப்பெட்டி, ஒழுகாத கூரை. அனுமதிக் கடிதத்துக்கு வாங்கும் முத்திரைகளுக்கு ஆகும் செலவில் பாதி முடிந்துவிடும். இன்னொன்றும் வேண்டும், அதற்குக் காசே வேண்டாம். ஆள் வர வேண்டும். கரையானுக்கும் இராமபாணப் பூச்சிக்கும் பிடித்தது இருட்டு, ஈரம், யாரும் தொந்தரவு செய்யாத அமைதி. நாலு பேர் வந்து புரட்டுகிற அலமாரியில் அது குடித்தனம் வைத்தால் முதல் வாரமே அகப்பட்டுக்கொள்ளும். பூட்டிய அறையில் அதற்குப் பரம்பரைப் பட்டா. இந்தக் கல்லூரியில் அனுமதிக் கடிதம் இல்லாமல் அரிய நூல்களைத் தொடர்ந்து பயன்படுத்திவரும் ஒரே வாசகர் கரையான்தான். முழுசாகவும் முடிக்கிறார்.

ஆனால் அறை திறக்கவே திறக்காது என்று சொன்னால் பாவம். நாக் குழு வரும்போது திறக்கும். தரச் சான்றுக்கு நூலகமும் ஒரு கணக்கு. முதல் நாள் ஃபினாயில், வெள்ளையடிப்பு. ஊதா வெல்வெட்டில் மூன்று சுவடிகள், பக்கத்தில் செவந்தி மாலை, முதலாண்டு மாணவி ஒருத்தி பட்டுப்புடவையில் நின்று விளக்கம் சொல்கிறாள். குழுவினர் ஒருவர், “இதில் என்ன எழுதியிருக்கிறது?” என்று கேட்டுவிட்டாராம். “பழங்காலத் தமிழ் சார்.” எல்லாரும் தலையசைத்தார்கள். புள்ளி விழுந்தது. ஐந்து மணிக்குக் கதவு சாத்தியது.

ஆகஸ்ட் 12 நூலகர் தினத்துக்கும் வாசலில் கோலம் உண்டு. சீர்காழியில் பிறந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன் படத்துக்கு மாலை. புத்தகம் பயன்படுத்தத்தான் என்று 1931இல் அவர் வகுத்த முதல் விதியைத் தெர்மகோலில் வெட்டி ஒட்டியிருந்தார்கள். எந்த இடத்தில்? பூட்டிய கதவின் மேல்.

உ.வே. சாமிநாதையர் கரிவலம்வந்தநல்லூருக்குச் சுவடி தேடிப் போனபோது, பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தில் போட்டுவிட்டோம் என்று கோயிலார் சொன்ன கதையை அவரே எழுதியிருக்கிறார். அதைப் படித்து நம் பேராசிரியர்கள் மேடையில் கண் கலங்குவார்கள். ஓமத்தில் போட்டவர்களிடம் ஒரு நேர்மை இருந்தது: எரித்ததை எரித்தோம் என்று சொன்னார்கள். இருப்பில் உள்ளது என்று எழுதவில்லை. சாமிநாதையரும் ஒரு கல்லூரி வாத்தியார்தான். 1880இல் கும்பகோணத்தில் சேர்ந்தவர், அந்தச் சம்பளத்தில் ஊரூராய் அலைந்து 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். அன்றைய அவருக்கு இன்று சாவி கிடைக்குமா என்பது எனக்கு நிஜமான சந்தேகம். நெறியாளர் கடிதம் கேட்பார்கள்.

கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதும் ஓவியர் ஒருவர், ரோஜா முத்தையா, கல்லூரிகள் குப்பை என்று தள்ளுகிற நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், திருமண அழைப்பிதழ் வரை சேர்த்து வைத்தார். அவர் போன பிறகு அதை வாங்கியது சிகாகோ பல்கலைக்கழகம். சென்னைக்குக் கொண்டுவந்து 1994இல் நூலகமாக்கியதால் தப்பித்தோம். இத்தனை பல்கலைக்கழகம் இங்கே இருந்தும் கடல் தாண்டித்தான் ஆள் வர வேண்டியிருந்தது. நாம் அப்போது வெல்வெட் வாங்கிக்கொண்டிருந்தோம்.

என் கதைக்கு வருகிறேன். ஏழு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, நடைபாதைப் பழைய புத்தகக் கடையில் அதைப் பார்த்தேன். அதே இலக்கணம். பக்கத்துக்குப் பக்கம் கல்லூரி முத்திரை. ‘நீக்கப்பட்டது’ என்ற முத்திரை எங்கும் இல்லை. புது பைண்டு. பென்சில் குறிப்புகளில் ஒவ்வொரு வரிக்கும் கடைசி இரண்டெழுத்து இல்லை. கடைக்காரர் ஓரத்தை விரலால் தடவி, “கையெழுத்து இருக்கு சார், அதான் அறுநூறு” என்றார். மதிப்பறிந்த மனிதர். பேரம் பேசாமல் கொடுத்தேன்.

மறுநாள் கல்லூரிக்கு எடுத்துப் போனேன். நூலகர் பதிவேட்டைப் புரட்டினார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“இந்தப் புக்கு எங்ககிட்ட இருக்கே சார். போன ஸ்டாக் வெரிஃபிகேஷன்ல டிக் போட்டிருக்கு பாருங்க.”

“முத்திரையைப் பாருங்க. இதுதான் அது.”

“இதுதான் அதுன்னா, அது தொலைஞ்சதுன்னு ஆயிடும். தொலையலையே சார். இருப்புல இருக்கு.”

சரி, அன்பளிப்பாகவாவது வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். கணினியைத் தட்டிப் பார்த்துவிட்டு, ஐ.எஸ்.பி.என். எண் இல்லாமல் மென்பொருள் ஏற்காது என்று வருத்தத்தோடு சொன்னார். டீ வாங்கிக் கொடுத்தார்.

வாசலில் காவலாளிப் பெரியவர் என் பையைத் திறக்கச் சொன்னார். புத்தகத்தை எடுத்தார். கழுத்துத் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டுதான் பக்கத்தைத் திருப்பினார்.

“காலேஜ் சீல் போட்டிருக்கே தம்பி. பழைய புக்கு வேற. இதையெல்லாம் வெளிய எடுத்துட்டுப் போகலாமா? நில்லுங்க.”

நின்றேன். அந்த வளாகத்தில் அந்தப் புத்தகத்துக்காக என்னைத் தடுத்த ஒரே ஆள் அவர்தான். என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் வெயிலில் நின்றுகொண்டிருந்தேன்.