குணம் காய்ச்சிய கதை

மனிதக் குணங்களைப் பட்டியலிட 1936-இல் உளவியலாளர்கள் ஆல்போர்ட்டும் ஆட்பர்ட்டும் மனிதர்களிடம் போகவில்லை. வெப்ஸ்டர் அகராதியைப் புரட்டினார்கள். அகப்பட்டவை 17,953 சொற்கள். அதில் நிலையான குணங்கள் என்று நாலாயிரத்துச் சொச்சம் தேறின. அடுத்து வந்த கேட்டல் என்ற உளவியலாளர் கஷாயம் போலச் சுண்டக் காய்ச்சி 16 ஆக்கினார். பின்வந்தவர்கள் ஐந்தில் இறக்கினார்கள். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் அடிப்பிடித்திருக்கும்.

சரி, எப்படி அளப்பது? பெரும்பாலும் நம்மையேதான் கேட்கிறார்கள். ‘எடுத்த வேலையை ஒழுங்காக முடிப்பேன்’: ஒன்று முதல் ஐந்துக்குள் ஒரு வட்டத்தை நிரப்புக. வேலை கேட்டு வந்தவன் எந்த வட்டத்தை நிரப்புவான் என்று அறிய உளவியல் பட்டம் தேவையில்லை. (சில ஆய்வாளர்கள் கூட இருப்பவர்களையும் விசாரிக்கிறார்கள். வீட்டுக்காரம்மாவின் மதிப்பெண் வேறாக இருக்கும்.)

அளந்து சொன்னதை நாம் எப்படி நம்புகிறோம்? 1948-இல் உளவியலாளர் பெர்ட்ரம் ஃபோரர் தம் மாணவர்களுக்குச் சோதனை வைத்து, ஆளுக்கொரு குண அறிக்கை கொடுத்தார். ‘என்னைப் புட்டுப் புட்டு வைத்துவிட்டார்’ என்ற ரீதியில் சராசரியாக அதற்கு ஐந்துக்கு நாலுக்கு மேல் மதிப்பெண் போட்டார்கள். எல்லார் கையிலும் இருந்தது ஒரே அறிக்கை. அதுவும் பெரும்பாலும் ஜோசியப் புத்தகத்தில் சுட்டது. குட்டை அவரே உடைத்துவிட்டார். எந்த ஜோசியர் அதைச் செய்வார்?