மூலையில் ஒரு ஏழு

பேசின் பிரிட்ஜைத் தாண்டி, சென்ட்ரலுக்குள் நுழைய சிக்னல் விழாமல் மின்சார ரயில் நிற்கும்போது பெட்டி முழுக்க ஒரு ‘ச்சே’ எழும். அதில் என் குரல் இருக்காது. எனக்கு இன்னும் நாலு கட்டம் பாக்கியிருக்கும்.

ஆவடியில் ஏறி உட்கார்ந்ததும் பேப்பரை நாலாக மடித்துத் தொடையில் வைத்து சூடோகு போட ஆரம்பிப்பேன். சுலபமான எண்களெல்லாம் திருமுல்லைவாயலுக்குள் விழுந்துவிடும். அம்பத்தூரில் கூட்டம் ஏறி, பக்கத்து டிபன் பை என் விலாவில் இடிக்கத் தொடங்கிய பிறகுதான் நிஜமான கணக்கு. மூளைக்குப் பயிற்சி என்று பன்னிரண்டு வருஷமாகச் சொல்லிவருகிறேன். வீட்டில் எடுபடவில்லை. “எட்டாவது வரிசையில ஏழு எங்க வரும்னு தெரியுது, கேஸ் புக்கை எங்க வச்சீங்கன்னு தெரியலையா?”

இந்தக் கட்டங்களை உண்டாக்கியவர் ஹோவர்ட் கார்ன்ஸ் என்ற ஓய்வுபெற்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர். 1979-ல் ஒரு புதிர்ப் பத்திரிகையில் வந்தது. 1984-ல் அதை ஜப்பானுக்குக் கொண்டுபோன நிகோலி பத்திரிகைக்காரர்கள், ‘எண்கள் பிரம்மச்சாரிகளாகவே இருக்க வேண்டும்’ என்று பொருள்படும் நீளமான பெயரை வைத்தார்கள். அதன் சுருக்கம்தான் சூடோகு. இதை மனைவியிடம் ஆர்வமாகச் சொன்னேன். “அதான் உங்களுக்குப் பிடிச்சிருக்கு” என்றாள்.

நான் பென்சில் தொடுவதில்லை, பேனாதான். வீரம் அல்ல, ஒரு தொழில்நுட்பம். ஒன்றை ஏழாக்கலாம், மூன்றை எட்டாக்கலாம். திரும்பி வர வழியில்லை. அதனால் சந்தேகம் வந்தால் முதலில் சின்ன எண்ணை, மெல்லிசாகப் போட்டுவைப்பேன்.

இந்த ஏற்பாட்டைக் கெடுத்தவர் அம்பத்தூரில் ஏறுகிறவர். உட்கார இடம் கிடைக்காது. கம்பியைப் பிடித்தபடி என் தோளுக்கு மேலே நின்று படிப்பார். பட்டரவாக்கம், கொரட்டூர் வரை பேச்சே இருக்காது. வில்லிவாக்கம் பிளாட்பாரம் தெரிந்ததும் குனிந்து, “அந்த மூலையில ஏழு சார்” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விடுவார். காரணம் கேட்க ஆள் இருக்காது.

ஒரு சூடோகுவுக்கு ஒரே விடை இருக்க வேண்டுமென்றால் குறைந்தது 17 எண்களாவது கொடுத்திருக்க வேண்டும் என்று, 2012-ல் டப்ளினில் கேரி மெக்குவயர் என்ற கணித அறிஞர் கணினிகளை மாதக்கணக்கில் ஓடவிட்டு நிரூபித்தார். 17-க்குக் கீழே போனால் ஒன்றுக்கு மேல் விடை வந்துவிடும். வில்லிவாக்கத்துக்காரர் ஒரு எண் கூடுதலாகக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை நான் தனியாக, கணினி இல்லாமல், பேசின் பிரிட்ஜில் கண்டுபிடித்தேன். அவர் அவ்வளவு உறுதியாகச் சொன்னாரே என்று மூலையில் ஏழை அழுத்தி எழுதியிருந்தேன். சிக்னலுக்காக வண்டி நின்றபோது கடைசிப் பத்தியை மேலிருந்து கீழாக, கீழிருந்து மேலாகப் பார்க்கிறேன்: அதே பத்தியில், நாலு கட்டம் மேலே, அச்சடித்த இன்னொரு ஏழு. அது காலையிலிருந்து அங்கேயேதான் இருந்திருக்கிறது.

மறுநாள் அம்பத்தூரில் ஏறியதும் கேட்டார், “நேத்து முடிஞ்சுதா சார்? ஏழு வந்துச்சா?”

“வந்துச்சு. ரெண்டு வந்துச்சு.”

கொஞ்சம் யோசித்தார். “நான் ஒண்ணுதானே சார் சொன்னேன்?”