இருபதில் குப்பை, ஐம்பதில் பாரம்பரியம்

போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் மாடு வாங்க வருகிறவர் முதலில் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார். அதோடு விடமாட்டார். நடக்கவிட்டுப் பார்ப்பார். குளம்பைப் பார்ப்பார். சுழியைப் பார்ப்பார். எல்லாம் பார்த்த பிறகுதான் துண்டுக்கடியில் விரல் பேசும். வயதை மட்டும் கேட்டுவிட்டு அடிமாட்டு லாரியில் ஏற்றுகிற மடையன் அந்தச் சந்தையில் கிடையாது. அப்படிப்பட்டவர்கள் டெல்லியில் இருக்கிறார்கள். வாகன விதிகள் எழுதுகிறார்கள்.

2025 ஆகஸ்டில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. இருபது வயதைத் தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்க இனி 10,000 ரூபாய். இறக்குமதியான கார் என்றால் 80,000. சாதாரணக் காருக்கு 2022 மார்ச் வரை இதே வேலைக்கு 600 ரூபாய்தான். ஏப்ரலில் 5,000 ஆனது. இப்போது அதற்கும் இரட்டிப்பு. மூன்றரை வருஷத்துக்குள் 600-லிருந்து 10,000. எந்த ஜெர்மன் இன்ஜினும் இப்படி ஒரு பிக்கப் கொடுத்ததில்லை.

கேட்டால் காற்று மாசு என்கிறார்கள். நல்லது. அப்படியானால் புகையை அளந்தல்லவா கட்டணம் போட்டிருக்க வேண்டும்? அளக்கவில்லை. வேளாவேளைக்கு ஆயில் மாற்றி, பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்ட வண்டிக்கும் பத்தாயிரம். பின்னால் வருகிறவன் முகத்தில் கரி பூசும் வண்டிக்கும் பத்தாயிரம். பணத்தைக் கட்டியவுடன் கரும்புகை வெண்புகை ஆகிவிடும்போல.

ஆய்வு நடக்கும் அழகையும் பார்த்துவிடலாம். சேஸிஸ் எண்மேல் காகிதத்தை வைத்து பென்சிலால் தேய்ப்பார்கள். எண் அச்சாக எழும்பும். ஹாரன் அடி. லைட்டைப் போடு. இண்டிகேட்டர். முடிந்தது. எண்பதாயிரம் ரூபாய் வண்டிக்கும் அதே பென்சில்தான். புகைச் சான்றிதழ் இன்னும் சுலபம். பல இடங்களில் வண்டி வீட்டுத் திண்ணையோரம் நிற்கலாம். நம்பர் மட்டும் போனால் போதும்.

பென்ஸும் பி.எம்.டபிள்யூவும் வைத்திருப்பவனுக்கு என்னய்யா அழுகை என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. கேளுங்கள். நியாயமான கேள்வி.

பெங்களூரில் ஒரு முதலாளி அரைக் கோடிக்கு வாங்கிய காரை நாலைந்து வருஷத்தில் அலுத்துப்போய்த் தள்ளிவிடுகிறார். அது கைமாறிக் கைமாறி, பதினைந்து வருஷத்தில் ஒரு சின்னப் புதுக்காரின் விலைக்கோ அதற்கும் குறைவாகவோ வந்துவிடுகிறது. அதை வாங்குகிறவர்கள் ஓசூர் லேத் பட்டறைக்காரரும், கிருஷ்ணகிரி மாம்பழ மண்டிக்காரரும், ஷிப்டு முடிந்து வரும் டூல் ரூம் ஃபிட்டரும்தான். லாரியும் பைக்கும் செய்கிற பூமி இது. வாரம் முழுக்க மைக்ரான் கணக்கில் இரும்பைச் செதுக்குகிறவனுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு ஜெர்மன் இன்ஜினைத் திறந்து பார்ப்பது சொகுசு இல்லை. சபலம். அவ்வளவுதான். சொகுசு அனுபவித்தவர் அடுத்த காருக்குப் போய்விட்டார். வரி மட்டும் இவனைத் தேடி வருகிறது.

பெங்களூர் வண்டி என்பதால் என்.ஓ.சி. தனிக் கதை. அங்கே உள்ள ஆர்.டி.ஓ. கையெழுத்து, போலீஸ் சரிபார்ப்பு, பிறகு இங்கே TN 24 அல்லது TN 70 நம்பர். ஜூஜூவாடி எல்லையைக் காற்று தாண்டுகிறது, புகை தாண்டுகிறது, குப்பை லாரி தாண்டுகிறது. ஃபைல் மட்டும் தாண்டாது.

என்னிடம் இருப்பது 1995 மாடல் ஜெர்மன் கார். கம்பெனி பெயர் வேண்டாம். வக்கீல் நோட்டீஸைவிட வாட்டர் பம்ப் எனக்கு அவசரம். போன மழைக்காலத்தில் ஐடிலில் துடிக்க ஆரம்பித்தது. சிக்னலில் நின்றால் அணைந்துவிடும். அங்கீகாரம் பெற்ற ஒரு சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப்போனேன். ஏ.சி., சோபா, காபி. சுவர் முழுக்கக் கம்பெனியின் பழைய மாடல்கள், கறுப்பு வெள்ளையில், பெரிய ஃபிரேம் போட்டு. எங்கள் பாரம்பரியம் என்று கீழே எழுத்து. பாரம்பரியம் வாசலில் நின்று துடித்துக்கொண்டிருந்தது. யாரும் எட்டிப்பார்க்கவில்லை.

கடைசியில் ஒரு தம்பி வந்தார். அவர் பிறப்பதற்கு முன்பே ரோட்டுக்கு வந்த வண்டி. அவருடைய கம்ப்யூட்டரின் சாக்கெட் அதில் பொருந்தவில்லை. "ஒயரிங் ஃபுல்லா மாத்தணும் சார். ஜெர்மனியிலருந்து வரணும். அட்வான்ஸ் கட்டணும். எப்ப வரும்னு சொல்ல முடியாது." கொஞ்சம் இடைவெளி விட்டு, அனுதாபத்தோடு: "எக்ஸ்சேஞ்ச் பண்ணிடுங்களேன் சார்."

காவேரிப்பட்டினம் ரோட்டில் டிராக்டருக்கு ஒயரிங் பார்க்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். பானட்டைத் திறந்தார். இன்ஜின்மேல் போகும் ஒயர்க் கற்றையை நகத்தால் லேசாகக் கீறினார். உறை தூளாக உதிர்ந்தது. உள்ளே செம்பு அம்மணமாக நின்றது. ஒன்றோடொன்று உரசினால் இன்ஜின் கம்ப்யூட்டருக்குப் புத்தி பேதலிக்காமல் என்ன செய்யும்?

விஷயம் என்னவென்றால், 90-களின் முற்பாதியில் சில ஜெர்மன் கார்களின் ஒயர்களுக்கு எளிதில் மக்கும் உறையைப் போட்டுவிட்டார்கள். சுற்றுச்சூழல் அக்கறை. கார் குப்பைக்குப் போன பிறகு மக்க வேண்டிய சரக்கு, இன்ஜின் சூட்டில் பானட்டுக்குள்ளேயே மக்கிவிட்டது. பூமியைக் காப்பாற்றப் போட்ட உறை காரைக் கொன்றது. இன்றைய கொள்கையும் அதே ஒயரில்தான் ஓடுகிறது.

அண்ணன் ஒரு ஒயரை வெட்டுவார். அதே கனத்தில் சூடு தாங்கும் புது ஒயரைப் பற்றவைப்பார். ஸ்லீவ் மாட்டிச் சூடு காட்டிச் சுருக்குவார். அது முடிந்த பிறகே அடுத்த ஒயர். இரண்டை ஒன்றாக வெட்டினால் எது எங்கே போனது என்று பிரம்மாவுக்கே தெரியாது. கையில் வரைபடம் இல்லை, மல்டிமீட்டர் மட்டும். வேலை முடிந்தபோது வந்த கழிவு, தரையில் ஒரு கைப்பிடித் தூளும் கொஞ்சம் செம்பும். சர்வீஸ் சென்டர் சொன்னதைக் கேட்டிருந்தால் கழிவு ஏறக்குறைய ஒன்றரை டன்.

இதில் யார் சுற்றுச்சூழல் காவலர் என்று அமைச்சகம் சொல்லட்டும்.

அந்த அண்ணனிடம் ஏன் வரைபடம் இல்லை? கொடுக்கமாட்டார்கள். இது என் புலம்பல் இல்லை. அரசு அமைப்பே எழுதிவைத்த தீர்ப்பு. 2014 ஆகஸ்ட் 25-இல் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு 2,544.65 கோடி ரூபாய் அபராதம் போட்டது. குற்றம்: உதிரி பாகத்தையும் பழுது கண்டறியும் கருவியையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவிடாமல் பூட்டிவைத்தது. பாகங்களின் விலையில் வைத்த லாபம் 100 சதவீதத்திலிருந்து ஏறத்தாழ 5,000 சதவீதம் வரை என்றும் ஆணையம் கண்டது. மீட்டர் வட்டிக்காரன்கூட இந்த எண்ணைக் கேட்டால் கன்னத்தில் போட்டுக்கொள்வான். பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். ரிட், மேல்முறையீடு, தடை உத்தரவு. மெக்கானிக்கின் கைக்கு இன்றுவரை வரைபடம் வரவில்லை. 2022 டிசம்பரில் 'பழுதுநீக்கும் உரிமை' என்று மத்திய அரசு ஓர் இணையதளம் திறந்தது. போய்ப் பார்த்தால் பெரும்பாலும் கம்பெனிகளின் கஸ்டமர் கேர் விவரம். திருட்டுப்போன வீட்டுக்காரனிடம் திருடனின் போன் நம்பரைக் கொடுத்த மாதிரி.

சரி, ஒழித்துவிட்டுப் புதுசு வாங்கு என்கிறார்களே, அதற்காவது ஏதாவது தந்தார்களா? தந்தார்கள். 2024 ஆகஸ்டில் அமைச்சர் நிதின் கட்கரி கார் கம்பெனிக்காரர்களை உட்காரவைத்துப் பேசினார். பழைய காரை உடைக்கக் கொடுத்தால் புதுக் காருக்குத் தள்ளுபடி என்று முடிவானது. மெர்சிடிஸ் பென்ஸ் அறிவித்த தொகை 25,000 ரூபாய். மறுபடி படியுங்கள். இருபத்தைந்தாயிரம். அரைக் கோடி ரூபாய் காருக்கு. அந்தப் பணத்தில் அதற்கு ஒரு டயர் வாங்கலாம். நல்ல டயராக இருந்தால் அதுவும் கஷ்டம்.

தேதிகளை மட்டும் வரிசையாக வைத்துப் பாருங்கள். 2025 ஆகஸ்டில் பழைய கார் வைத்திருப்பவனுக்குக் கட்டணம் இரட்டிப்பு. செப்டம்பர் 22-இல் புது ஜி.எஸ்.டி. அதுவரை செஸ்ஸோடு சேர்த்து 50 சதவீதம் வரை போன பெரிய கார்களின் வரி 40 ஆனது. கோடீஸ்வரரின் புதுக் காருக்கு விலை லட்சக்கணக்கில் இறங்கியது. அவர் தள்ளிவிட்ட பழைய காரை வைத்திருக்கும் ஃபிட்டருக்குக் கட்டணம் ஏறியது. ஒரே அரசு. ஒரு மாத இடைவெளி. இதற்குப் பெயர் பசுமை.

பெட்ரோலையும் விட்டுவைக்கவில்லை. 20 சதவீதம் எத்தனால் கலந்ததை நாடு முழுக்க ஊற்றுகிறார்கள். 1995-இல் செய்த ரப்பர் ஹோஸுக்கும் சீலுக்கும் எத்தனால் ஆகாது. நாளடைவில் ஊறி, விரிந்து, ஒழுகும். இது தெரியாமல் செய்ததா என்றால் இல்லை. நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட அறிக்கையிலேயே பழைய கார்களின் மைலேஜ் 6, 7 சதவீதம் குறையலாம் என்று இருக்கிறது. பழைய வண்டிகளுக்காக 10 சதவீதக் கலவையும் பங்கில் கிடைக்க வேண்டும் என்ற யோசனையும் அதே அறிக்கையில் இருக்கிறது. முதல் பாதியை அமல்படுத்தினார்கள். இரண்டாம் பாதிக்குப் பக்கம் புரட்ட நேரமில்லை. மைலேஜ் குறைந்தது, விலை குறைந்ததா? பங்கில் போய்க் கேளுங்கள். சிரிப்பார்கள்.

இப்போது எங்கள் ஊருக்கு வருகிறேன். போச்சம்பள்ளி சிப்காட்டில் ஓலாவின் மின்சார ஸ்கூட்டர் தொழிற்சாலை இருக்கிறது. 2020 டிசம்பரில் ஒப்பந்தம். 500 ஏக்கர். 2,400 கோடி முதலீடு, 10,000 பேருக்கு வேலை என்று அறிவிப்பு. ஊர்ப் பெண்கள் சீருடை போட்டு வேலைக்குப் போகிறார்கள். அதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அதே கம்பெனிக்கு நோட்டீஸ் அனுப்பியது. ஒரு வருஷத்தில் வந்த புகார்கள் 10,644. பெரும்பாலானதைத் தீர்த்துவிட்டோம் என்றது கம்பெனி. இருக்கட்டும். அந்த நாட்களில் சர்வீஸ் சென்டர் வாசல்களில் குவிந்து கிடந்த ஸ்கூட்டர்களின் படங்களை நாடே பார்த்தது. ஒரு வயது, இரண்டு வயது வண்டிகள். முப்பது வயது வண்டி சந்தைக்குப் போய்த் திரும்புகிறது. அதற்குப் பெயர் ஆயுள் முடிந்த வாகனம்.

புதுசு கெட்ட சரக்கு என்று நான் சொல்லவில்லை. விற்கும்போது இருக்கும் அவசரம் பழுது பார்க்கும்போது ஏன் இல்லை என்று கேட்கிறேன். தொழிற்சாலை திறக்க நாடாவும் கத்திரிக்கோலும் தயார். மெக்கானிக்கின் கைக்கு ஒரு வரைபடம் கொடுக்க யாரும் தயார் இல்லை. பட்டறைக்கு எந்த மந்திரி குத்துவிளக்கு ஏற்றினார்?

உச்சக்கட்ட நகைச்சுவை இனிமேல்தான். 2021-இல் வந்த இன்னொரு விதிப்படி, ஐம்பது வயதைத் தாண்டிய கார் விண்டேஜ் ஆகிவிடும். தனி நம்பர். தனி மரியாதை. தேசத்தின் பாரம்பரியம். கண்காட்சிக்கு ஓட்டலாம், மந்திரி வந்து கொடியசைப்பார். ஆக, இருபதில் குப்பை. ஐம்பதில் பொக்கிஷம். நடுவில் முப்பது வருஷம் அந்தக் குப்பையைப் பொக்கிஷமாக்க ஆயில் மாற்றி, ஹோஸ் மாற்றி, ஒயர் பற்றவைத்து, கட்டணமும் கட்டிக் காப்பாற்ற வேண்டியவன் யார்? அபராதம் கட்டுகிற அதே முட்டாள்.

சோதனையே வேண்டாம் என்று எந்தக் கார்ப் பிரியனும் சொல்லவில்லை. புகைக்குழாயில் கருவியை விட்டு அளக்கட்டும். பிரேக்கை மெஷினில் ஏற்றிப் பார்க்கட்டும். தேறாத வண்டியை, அது இரண்டு வயதானாலும் இருபத்திரண்டு வயதானாலும், ரோட்டிலிருந்து இறக்கட்டும். அதில் அரசாங்க ஜீப்பும், மழை பெய்தால் உள்ளே குடை பிடிக்கவைக்கும் டவுன் பஸ்ஸும் சேர வேண்டும்.

இதெல்லாம் பென்ஸ்காரன் பாடு, நமக்கென்ன என்று இதுவரை படித்தவர்கள், எழுந்துபோய் பீரோவில் இருக்கும் பைக்கின் ஆர்.சி. புக்கை எடுத்துப் பாருங்கள். அப்பா ஓட்டிய வண்டியாக இருந்தால் இன்னும் அவசியம். இருபது வயது தாண்டிய இருசக்கர வாகனத்துக்கும் அதே ஆகஸ்ட் அறிவிப்பில் கட்டணம் இரட்டிப்பாகிவிட்டது. 2,000 ரூபாய். பழைய இரும்புக் கடைக்காரர் அந்த வண்டிக்கு என்ன விலை கொடுப்பார் என்பதையும் போகிற வழியில் கேட்டுக்கொள்ளுங்கள்.