வெளியூர்க்காரன் மேல் போடு

2022 மே 28 இரவு, பாரிஸை ஒட்டிய செயின்ட் டெனிஸில் உலகத்திலேயே மிக வேகமான விசாரணை நடந்து முடிந்தது. லிவர்பூலுக்கும் ரியல் மாட்ரிடுக்கும் சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டம். ஒன்பது மணிக்குத் தொடங்க வேண்டியது தொடங்கவில்லை. ஸ்டாட் டி பிரான்ஸ் மைதானத்தின் பெரிய திரையில் காரணத்தைப் போட்டார்கள்: ரசிகர்கள் தாமதமாக வருகிறார்களாம். சாட்சி இல்லை, குறுக்கு விசாரணை இல்லை, வாய்தா இல்லை. குற்றவாளிகள் கதவுக்கு வெளியே நின்றதால், தங்கள் மேல் எழுதிய தீர்ப்பைப் படிக்கக்கூட அவர்களுக்கு வழியில்லை.

வெளியே நின்றவர்கள் எப்போது வந்தார்கள்? பலர் இரண்டு மூன்று மணி நேரம் முன்பே வந்துவிட்டார்கள். ஒரு ரயில் தடத்தில் வேலைநிறுத்தம் என்பதால் கூட்டம் இன்னொரு தடத்துக்குத் திரும்பியிருந்தது. அந்த நிலையத்தில் இறங்கியவர்களை நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில் ஒரு குறுகிய வழிக்குள் விட்டார்கள். வழி போதுமான அளவு குறுகலாக இல்லை என்று நினைத்தார்களோ என்னவோ, போலீஸ் வண்டிகளையும் அங்கேயே கொண்டுவந்து நிறுத்தினார்கள். டிக்கெட்டை முதலில் சோதிக்கும் இடமும் அதுவே. நெரிசல் முற்றியதும் சோதனையைக் கைவிட்டார்கள். அடுத்து சுழல் கதவுகளில் நெரிசல். அடுத்து வாயில்களையே மூடினார்கள். உள்ளூர் இளைஞர்கள் சிலர் வேலி ஏறிக் குதித்தார்கள். போலீஸ் என்ன செய்தது? கையில் டிக்கெட்டோடு வரிசையில் நின்றவர்கள் மேல் கண்ணீர்ப்புகை அடித்தது. குழந்தை, கிழவர், சக்கர நாற்காலியில் வந்தவர் என்ற பாரபட்சம் இல்லை. சமத்துவம், சகோதரத்துவம் என்று அரசுக் கட்டடந்தோறும் எழுதி வைத்திருக்கும் நாடு அல்லவா.

பிறகு உள்துறை அமைச்சர் ஜெரால்ட் தர்மனான் கணக்குச் சொன்னார். டிக்கெட் இல்லாமலோ, போலி டிக்கெட்டோடோ 30,000 முதல் 40,000 லிவர்பூல் ரசிகர்கள் வந்துவிட்டார்களாம். லிவர்பூல் கிளப்புக்கு ஒதுக்கிய டிக்கெட்டே ஏறத்தாழ 20,000தான். அப்படியென்றால் உள்ளே போன ஒவ்வொருவனுக்கும் வெளியே இரண்டு பேர் நின்றிருக்க வேண்டும். ஆட்டம் தொடங்கிய பிறகு அந்த 40,000 பேரும் எங்கே போனார்கள்? அரை மைதானத்தை நிரப்பக்கூடிய ஜனம் கரைந்து காற்றோடு போனது எந்தக் கேமராவிலும் தெரியவில்லை. சுழல் கதவுகளில் சிக்கிய போலி டிக்கெட்டுகள் ஏறத்தாழ 2,600. இந்த எண்ணிக்கைக்குப் பின்னால் ஒரு பூஜ்யத்தைச் சேர்த்து, மேலே கொஞ்சம் கொசுறும் போட்டால் அமைச்சரின் கணக்கு வந்துவிடும். பாரிஸ் போலீஸ் தலைவரே பின்னர் செனட் விசாரணையில், தான் கொடுத்த எண்ணிக்கை தவறாக இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டார்.

கேமராப் பதிவைப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும் என்கிறீர்களா? மைதானத்துப் பதிவுகள் ஏழு நாளில் தானாகவே அழிந்துபோயின. வேண்டும் என்று நீதித்துறையிலிருந்து யாரும் கேட்கவில்லையாம். 40,000 பேர் படையெடுத்து வந்ததாக உலகத்துக்கே சொன்ன அரசுக்கு, அந்தப் படையெடுப்பின் படத்தை எடுத்து வைக்கத் தோன்றவில்லை.

போட்டியை நடத்திய யூஃபாவே அமைத்த தனிக்குழு 2023 பிப்ரவரியில் அறிக்கை கொடுத்தது. முதன்மைப் பொறுப்பு யூஃபாவுக்கே என்றது. ஓர் உயிர்கூடப் போகாதது ஆச்சரியம் என்றது. யூஃபா மன்னிப்புக் கேட்டது, டிக்கெட் பணத்தைத் திருப்பித் தந்தது. ஆனால் அறிக்கையில் என் வயிற்றைப் பிசைந்த இடம் வேறு. பிரெஞ்சுப் போலீஸ் லிவர்பூல் ரசிகர்களை ஆபத்தானவர்கள் என்று முன்கூட்டியே முடிவுகட்டி வைத்திருந்ததற்குப் பின்னால் ஹில்ஸ்பரோ மைதான நெரிசலைப் பற்றிய தப்பான எண்ணம் இருந்தது என்கிறது அது. அதாவது, 33 ஆண்டுகளுக்கு முன்னால் இங்கிலாந்துப் போலீஸ் சொன்ன பொய், கடல் தாண்டி, மொழி தாண்டி, பிரெஞ்சுக்காரர்களின் கையில் புகைக்குண்டாக வெடித்தது. அன்று பாரிஸ் கூட்டத்தில் ஹில்ஸ்பரோவில் பிழைத்தவர்களும் நின்றுகொண்டிருந்தார்கள். நெரிசலில் எப்படி நிற்பது, யாரைத் தள்ளக்கூடாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அந்தப் பழைய பொய்யின் பிறப்பையும் சொல்ல வேண்டும். 1989 ஏப்ரல் 15. ஷெஃபீல்டு நகரத்தின் ஹில்ஸ்பரோ மைதானம். எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி, லிவர்பூலுக்கும் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்கும். ரெண்டு ஊருக்கும் பொதுவான இடம் என்பதால் எல்லோருமே வெளியூர்க்காரர்கள். லெப்பிங்ஸ் லேன் பக்கம் நின்று பார்க்க டிக்கெட் வாங்கிய லிவர்பூல் ரசிகர்கள் பத்தாயிரத்துக்கும் மேல். அவர்கள் நுழைய ஏழே ஏழு சுழல் கதவுகள். வெளியே நெரிசல் தாங்காமல் போனபோது போலீஸ் அதிகாரி டேவிட் டக்கன்ஃபீல்டு ஒரு பெரிய வாயிற்கதவைத் திறக்க உத்தரவிட்டார். திறந்தால் கூட்டம் எங்கே போகும்? எதிரே தெரிந்த சுரங்கவழிக்குள் போகும். அது முடிகிற இடத்தில், ஏற்கெனவே நிரம்பி வழிந்துகொண்டிருந்த இரண்டு கம்பிவேலிக் கூண்டுகள். சுரங்கவழியை மூட யாருக்கும் தோன்றவில்லை. 97 பேர் இறந்தார்கள். கடைசி ஆள் 32 ஆண்டுகள் காயத்தோடு கிடந்து 2021இல் இறந்தார். மிகச் சிறியவனுக்கு வயது 10.

கூண்டு ஏன் என்று கேட்கலாம். அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் ரசிகன் என்றால் வேலிக்குள் இருக்க வேண்டிய பிராணி. 1985இல் செல்சீ கிளப்பின் முதலாளி, மாட்டுப் பண்ணையில் போடுகிற மின்வேலியை மைதானத்தைச் சுற்றிப் போட்டார். மின்சாரம் பாய்ச்ச உள்ளாட்சி அனுமதி தரவில்லை. மாட்டுக்குக் கிடைக்காத சலுகை.

மூச்சுத் திணறிச் செத்துக்கொண்டிருந்தவர்கள் இன்னும் புல்தரையில் கிடக்கும்போதே டக்கன்ஃபீல்டு கால்பந்து சங்கத் தலைமை அதிகாரியிடம், ரசிகர்கள் கதவை உடைத்துக்கொண்டு வந்துவிட்டார்கள் என்று சொன்னார். திறக்கச் சொன்னவர் அவரேதான். அது பயங்கரமான பொய் என்று அவர் ஒப்புக்கொண்டது 2015இல். இடையில் இருந்த 26 ஆண்டுகளில் அந்தப் பொய் நன்றாகத் தின்று கொழுத்தது. பிணங்களின் ரத்தத்தில் சாராயம் எவ்வளவு என்று சோதித்தார்கள். குழந்தைகளின் ரத்தத்தையும் விடவில்லை. நான்காம் நாள் ‘தி சன்’ பத்திரிகை முதல் பக்கத்தில் ‘உண்மை’ என்று தலைப்புப் போட்டு, ரசிகர்கள் பிணங்களிடம் திருடினார்கள், போலீஸ்காரர்கள் மேல் சிறுநீர் கழித்தார்கள் என்று எழுதியது. 164 போலீஸ் வாக்குமூலங்கள் திருத்தப்பட்டிருந்தன என்பது 2012இல்தான் அம்பலமானது. அதில் 116இல் போலீஸுக்குப் பாதகமான வரிகளைத் தேடித் தேடி எடுத்திருந்தார்கள். நம் ஊரில் ஒரு பத்திரத்தில் ஒரு வரியைத் திருத்தினாலே ஆறு வருஷம் கோர்ட்டுக்கு அலைய வேண்டும்.

2016இல் மரண விசாரணை ஜூரி தீர்ப்புச் சொன்னது: இது சட்டவிரோதக் கொலை, ரசிகர்கள் மேல் எந்தத் தவறும் இல்லை. சரி, கொலை என்றால் கொலையாளி யார்? 2019இல் டக்கன்ஃபீல்டு விடுதலை. வாக்குமூலங்களைத் திருத்திய வழக்கு 2021இல் இடிந்து விழுந்தது. 2025 டிசம்பரில் காவல்துறைப் புகார் ஆணையம், 12 அதிகாரிகள் மீது கடும் ஒழுங்கீன நடவடிக்கை எடுத்திருக்கலாம் என்றது. எடுக்க முடியாதாம். எல்லோரும் ஓய்வு பெற்றுவிட்டார்கள். ஒருவர் மட்டும் தப்பவில்லை: சுழல் கதவு ஏற்பாட்டைக் கவனிக்கத் தவறியதற்காக மைதானத்தை நடத்திய கிளப்பின் அந்நாளைய செயலாளருக்கு அபராதம் 6,500 பவுண்டு. ஒரு பிணத்துக்கு 67 பவுண்டு. வகுத்துப் பார்த்துக்கொள்ளலாம், மீதி ஒரே ஒரு பவுண்டு.

இப்போது கூண்டுகள் இல்லை, மரியாதை வந்துவிட்டது என்பார்கள். வந்திருக்கிறது. நியூகாசிலின் செயின்ட் ஜேம்ஸ் பார்க்கில் வெளியூர் ரசிகர்களுக்கான இடம் ஏழாவது தளத்தில், பதினான்கு படிக்கட்டு வரிசைகளைத் தாண்டி. பழனியில் படியேறினால் பஞ்சாமிர்தமாவது உண்டு. இங்கே ஏறிப் போனால் ஆட்டக்காரனின் முதுகு எண்கூடத் தெரியாது. ஆட்டத்தைப் பார்த்தபடி பீர் குடிக்க இங்கிலாந்தில் 1985 முதல் சட்டப்படி தடை. மேட்சுக்குப் போகும் வாடகைப் பேருந்திலும் தடை. அதே மைதானத்தில், அதே நாற்காலியில், ரக்பி பார்க்க வந்தவன் கோப்பையும் கையுமாக உட்காரலாம். சாராயத்துக்கு ஜாதி பார்க்கத் தெரியும் போலிருக்கிறது. தொலைக்காட்சிக்காரர்கள் சனிக்கிழமை ஆட்டத்தைத் திங்கள் இரவு எட்டு மணிக்கு நகர்த்துவார்கள். முடிந்து வெளியே வந்தால் ஊர் திரும்பக் கடைசி ரயில் போயிருக்கும். வெளியூர் டிக்கெட் 20 பவுண்டுக்கு மேல் போகக்கூடாது என்று ரசிகர்கள் வருடக்கணக்கில் கத்தினார்கள். 2016இல் பிரீமியர் லீக் பெரிய மனது பண்ணி 30 பவுண்டு என்றது.

அர்ஜென்டினா இன்னும் தெளிவு. 2013இல் லா பிளாட்டாவில், வெளியூரிலிருந்து வந்த லனூஸ் ரசிகர் ஒருவர் போலீஸ் சுட்ட ரப்பர் குண்டு பட்டு இறந்தார். உடனே நடவடிக்கை எடுத்தார்கள். போலீஸுக்குத் துப்பாக்கியைத் தடை செய்யவில்லை; வெளியூர் ரசிகர்களைத் தடை செய்தார்கள். பல ஆண்டுகள் கழித்து இப்போதுதான் மெல்ல மெல்லத் தளர்த்துகிறார்கள்.

வெளியூர்க்காரனே இல்லாத இடத்தில் பழியை எங்கே போடுவது? அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள். 2022 அக்டோபர் 1, இந்தோனேசியாவின் மலாங் நகரத்தில் கஞ்சுருஹான் மைதானம். எதிரணியின் ரசிகர்களை வரவேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லியாயிற்று. மைதானத்துக்குள் கண்ணீர்ப்புகை கூடாது என்பது ஃபிஃபாவின் விதி. ஆட்டம் முடிந்ததும் போலீஸ் நிரம்பிய கேலரியை நோக்கி அதை அடித்தது. ஜனம் குறுகிய வாயில்களில் முண்டியடித்து 135 பேர் இறந்தார்கள். மறு ஆண்டு நீதிமன்றம் இரண்டு அதிகாரிகளை விடுவித்தது. அதில் ஒருவர் விஷயத்தில் நீதிபதி கண்டுபிடித்த உண்மை, புகையைக் காற்று மைதானத்தின் நடுப்பக்கம் தள்ளிவிட்டது என்பது. பிறகு உச்ச நீதிமன்றம் அந்த விடுதலைகளை ரத்து செய்தது. காற்று இன்னும் கைதாகவில்லை.

கால்பந்தை நடத்துபவர்களின் மனதில் இருக்கும் உத்தம ரசிகன் யார் என்பது 2020இல் தெரிந்தது. கொரோனாக் காலத்தில் பிரீமியர் லீக் காலி மைதானங்களில் ஆடியபோது, வீடியோ கேமில் இருந்த கூட்டத்தின் கூச்சலை எடுத்துத் தொலைக்காட்சி ஒளிபரப்பில் ஒட்டினார்கள். சத்தம் இருந்தது, ஆள் இல்லை. தாமதமாக வரமாட்டான், குடிக்கமாட்டான், கழிப்பறை கேட்கமாட்டான், செத்துத் தொலைத்து விசாரணைக் குழு அமைக்க வைக்கமாட்டான். ஒரே ஒரு குறை, டிக்கெட் வாங்கமாட்டான். அதனால்தான் ரத்தமும் சதையுமான ரசிகனை மறுபடியும் உள்ளே விட்டார்கள்.

ஃபிஃபா அந்தக் குறையையும் சரிசெய்துவிட்டது. 2026 உலகக் கோப்பை கேட்டு அமெரிக்கா, மெக்சிகோ, கனடா மூன்றும் விண்ணப்பித்தபோது 21 டாலரில் டிக்கெட் உண்டு என்றார்கள். 2025 டிசம்பரில், ஒவ்வொரு நாட்டின் விசுவாசமான ரசிகர்களுக்கென்று ஒதுக்கிய பங்கில் இறுதியாட்டத்தின் மிக மலிவான டிக்கெட் 4,185 டாலர். ஊரெல்லாம் காறித் துப்பிய பிறகு, ஆட்டத்துக்குச் சில நூறு இருக்கைகளை 60 டாலருக்குக் கொடுக்கிறோம் என்று இறங்கி வந்தார்கள். வாங்கியவனால் போக முடியாவிட்டால் ஃபிஃபாவின் கடையிலேயே விற்கலாம். விற்பவனிடம் 15 சதவீதம், வாங்குபவனிடம் 15 சதவீதம். கறுப்புச் சந்தையில் டிக்கெட் விற்பவனைப் போலீஸ் பிடிக்கும். இவர்கள் ரசீது கொடுப்பதால் பிடிக்காது.

அதே டிசம்பரில்தான், வாஷிங்டனில் அணிப் பிரிப்பு விழாவை நடத்தி, ஃபிஃபா தலைவர் இன்ஃபான்டினோ அமெரிக்க அதிபர் டிரம்புக்கு அமைதிப் பரிசு கொடுத்தார். ஔவை தொண்டைமானின் ஆயுதக் கொட்டிலைப் புகழ்ந்தது வஞ்சப்புகழ்ச்சி. இன்ஃபான்டினோ புகழ்ந்ததில் வஞ்சம் துளியும் கிடையாது, மனதார வாழ்த்தினார். பரிசு வாங்கியவர் ஆணைப்படி, ஈரானும் ஹைத்தியும் வந்து ஆடலாம். ஆட்டக்காரர், பயிற்சியாளருக்கு விலக்கு உண்டு. அந்நாட்டு ரசிகனுக்கு இல்லை. 1974க்குப் பிறகு முதல் முறையாகத் தகுதி பெற்ற ஹைத்தியின் ரசிகன் வீட்டிலிருந்தே கைதட்ட வேண்டியதுதான். 2026 ஜனவரி முதல் செனகல், ஐவரி கோஸ்ட் நாட்டவருக்கும் சுற்றுலா விசா நிறுத்தம். ரசிகன் எல்லையைத் தாண்டவே வராவிட்டால் தாமதமாக வந்தான் என்று யாரும் குறை சொல்ல முடியாது, அதுவரை லாபம்.

ஹில்ஸ்பரோவுக்காக ஒரு மனிதர் கட்டிய 6,500 பவுண்டை டாலராக மாற்றினால், அந்த 4,185 டாலர் டிக்கெட் இரண்டு வாங்கலாம். பிடிக்கவில்லை என்று விற்றால் ஃபிஃபாவுக்கு 15 சதவீதம் போகும்.