குட்டி யானையின் ஆணவ மலம்: ஒரு சித்தாந்த ஆராய்ச்சி

பாயிரம்

டாடா ஏஸ் 2005இல் சந்தைக்கு வந்தது. இரண்டு சிலிண்டர், 702 சிசி டீசல் எஞ்சின். தமிழ்நாடு அதற்குக் குட்டி யானை என்று பெயர் சூட்டியது; கடலூர்த் துறைமுகம் அதன் முதுகில் மீன் பெட்டியை ஏற்றியது. கிலோமீட்டர் லட்சக்கணக்கில் ஓடித் தேய்ந்த அத்தகைய வண்டி, சில நேரம் செல்ஃப் எடுத்தும் சில நேரம் எடுக்காமலும் அருள்பாலிக்கும் நிலையே இங்கு ஆய்வுப்பொருள். ஆய்வுக்களம், கடலூர் முதுநகரிலிருந்து ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் வழியாகச் சிதம்பரம் வரை.

இந்நோயின் தலையாய இலக்கணம், மெக்கானிக்கைக் கண்டதும் மறைவது.

"அண்ணே, காலையில செல்ஃபே எடுக்கலண்ணே."

"இப்ப ஒரே அடியில எடுக்குதே தம்பி!"

இதைச் சிதம்பர ரகசியம் என்று சொல்லிக் கைகழுவுவோர் உண்டு. அது ஆய்வாகாது.

பரபக்கம்

முதலில் பேட்டரிவாதிகள். எதற்கும் புது பேட்டரி என்பது இவர்கள் கொள்கை. சும்மா இருக்கையில் 12.6 வோல்ட் காட்டி, செல்ஃப் சுற்றும்போது 10 வோல்ட்டுக்குக் கீழே இறங்காத பேட்டரி நிரபராதி. அளந்து பார்க்க இவர்களுக்கு நேரமில்லை.

அடுத்து, "லைன்ல ஏர் புடிச்சிருக்கு" என்னும் டீசல்வாதிகள். ஏர் பிடித்தால் செல்ஃப் ஜோராகச் சுற்றும், எஞ்சின்தான் பிடிக்காது. நம் வண்டியில் சுற்றலே இல்லை. மறுத்தோம்.

மூன்றாமவர் தட்டல்வாதிகள். வீல் ஸ்பேனரால் செல்ஃப் மோட்டாரில் இரண்டு தட்டு, வண்டி கிளம்பிவிடும். இவர்களை மறுப்பது கடினம். தேய்ந்த கார்பன் பிரஷ் அதிர்வில் நகர்ந்து காமுட்டேட்டரைத் தொடும். ஆகவே பலன் மெய், ஆயுள்தான் குறைவு.

இரண்டாம் கியரில் போட்டு நாலு பேரை அழைக்கும் தள்ளுவாதிகளுக்குத் தத்துவம் கிடையாது. அவர்களுடையது கர்ம மார்க்கம்.

சுபக்கம்

சிதம்பரத்தை அடுத்த கொற்றவன்குடியில் 14ஆம் நூற்றாண்டில் உமாபதி சிவம் வாழ்ந்தார். அவர் விளக்கிய சைவ சித்தாந்தம், உயிரைப் பற்றியுள்ள ஆணவ மலத்துக்குச் சொல்லும் உவமை, செம்பில் களிம்பு. அது இன்னும் பட்டறைகளை எட்டவில்லை என்பதே நம் வருத்தம்.

எர்த் கேபிளும் செம்புதான். மீன் பெட்டியில் உருகும் ஐஸ் தண்ணீர் உப்போடு பலகை இடுக்கில் வடிந்து, அந்தக் கேபிள் சேஸிஸைச் சேரும் போல்ட்டில் தங்கி உலர்கிறது. எஞ்சிய வேலையைக் கடற்காற்று பார்த்துக்கொள்கிறது. வெளியே கறுப்பு உறை ஒழுங்காயிருக்க, முனையில் பச்சைக் களிம்பு பூத்துவிடுகிறது.

இனி ஓமின் விதி. செல்ஃப் 200 ஆம்பியர் இழுக்கையில், களிம்பின் தடை 0.01 ஓம் என்றாலும் 2 வோல்ட் வழியிலேயே தொலையும். சில ஆம்பியர் போதுமான ஹெட்லைட்டோ பளிச்சென்று எரிந்து பொய்ச்சாட்சி சொல்லும். பள்ளத்தில் குலுங்கி முனை ஒட்டினால் வண்டி எடுக்கும்; விலகினால் "டக்" என்ற சத்தத்தோடு சரி. மெக்கானிக் முன் நோய் மறைவதன் மர்மம் இவ்வளவே.

பரீட்சை எளிது. வண்டி நியூட்ரலில் நிற்க, மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸிலும் மறுமுனையை எஞ்சின் பிளாக்கிலும் வைத்து, ஒருவரைச் சாவி திருகச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் நின்றால் எர்த் சுத்தம். அரை வோல்ட்டைத் தாண்டினால் களிம்பு. பேட்டரியின் பிளஸிலிருந்து செல்ஃப் வரையும் இப்படியே அளக்கலாம். இரண்டும் சுத்தமாயிருந்தும் வெறும் "டக்" என்றால் மட்டுமே மோட்டாரைக் கழற்றி, சொலினாய்டின் செப்புக் காண்டாக்டையும் பிரஷையும் பார்க்க வேண்டும்.

முடிபு

ஆணவ மலம் அழிவதில்லை, அடங்கும் என்பது சித்தாந்தம். களிம்பும் அவ்வாறே, ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் அடக்க வேண்டும். மைனஸை முதலில் கழற்றி, முனைகளையும் போல்ட் இடத்தையும் உப்புத்தாளால் செம்பும் இரும்பும் மின்னத் தேய்த்து, இறுக்கி, மேலே வேஸ்லின் தடவி, மைனஸைக் கடைசியில் மாட்டவும். புது பேட்டரிக்குப் பணம் எண்ணுமுன் இதைச் செய்யுமாறு குட்டி யானை வைத்திருக்கும் அன்பர்களை வேண்டிக்கொள்கிறோம்.